திண்ணையில் பாடியவரும் உள்ளே கேட்டவரும்

மகா வைத்தியநாதையர் 1893 ஜனவரியில் காலமானார். கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டு இசைத்தட்டுக்காகப் பதிவானது 1902 நவம்பரில். நடுவில் பத்து ஆண்டுகூட இல்லை. அந்த இடைவெளியில் தவறிப்போன குரல் அவருடையது. கேட்டவர்கள் ஆயுள் முழுவதும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டுப் போனார்கள். நமக்கு ஒரு நிமிடத் துண்டுகூட மிஞ்சவில்லை. அவருக்கு மூத்த தலைமுறையினரான கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பாடகர்களின் வாழ்க்கையை எழுதுகிறவருக்கு இதைவிடக் கடினமான நிலை இருக்க முடியாது. ராக் இசை எழுத்தாளர்களுக்கு இந்தத் துன்பம் வந்ததில்லை. எல்விஸ் பிரெஸ்லியின் வாழ்க்கையை 1994-இலும் 1999-இலும் இரண்டு பெரும் பாகங்களாக வெளியிட்ட பீட்டர் குரால்னிக்கின் புத்தகத்தைப் படிக்கிறவர், ஒரு பக்கத்தை முடித்ததும் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கலாம். எழுத்தாளர் சொன்னது காதுக்கும் சரிதானா என்று ஒத்துப் பார்க்கலாம். கிருஷ்ணையரைப் பற்றிப் படிக்கிறவருக்கு அப்படி ஒரு வழி கிடையாது. எழுத்திலிருந்தேதான் குரல் எழ வேண்டும்.

அப்படி எழுப்பியவர் ஒருவர் நம்மிடம் இருந்தார். உ.வே. சாமிநாதையர். ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்தவர், சீவக சிந்தாமணியை 1887-இலும் சிலப்பதிகாரத்தை 1892-இலும் புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றியவர் என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவரைத் தெரியும். அந்தப் பெரும் பணியின் நிழலில் அவருடைய இன்னொரு முகம் மறைந்துபோயிற்று. தமிழில் இசைக்கலைஞர்களின் வாழ்க்கையை எழுதிய முதன்மையான ஆசிரியர் அவர்தான் என்பது என் துணிபு. 1936-இல், 81 வயதில், 'கனம் கிருஷ்ணையர்', 'கோபாலகிருஷ்ண பாரதியார்', 'மகா வைத்தியநாதையர்' என்று மூன்று வரலாறுகளை அவர் வெளியிட்டார். பிற்காலத்தில் அவை 'சங்கீத மும்மணிகள்' என்று ஒரே தொகுதியாகவும் வந்தன.

அந்த ஆண்டுகளின் பத்திரிகை உலகத்தையும் சற்று நினைத்துக்கொள்ள வேண்டும். ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் 'ஆடல் பாடல்' பகுதியை எழுதிக்கொண்டிருந்தார். நேற்று நடந்த கச்சேரியில் பாடகர் எங்கே சோபித்தார், எங்கே சபையைச் சோதித்தார் என்று சூடு ஆறுவதற்குள் எழுதுகிற வேலை அது. அதே சென்னையில், திருவல்லிக்கேணி 'தியாகராச விலாச'த்தில் இருந்தபடி முதியவர் ஒருவர் 60, 70 ஆண்டுகளுக்கு முன் நடந்த கச்சேரிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1932-இல் தொடங்கிய கலைமகளிலும் மற்றப் பத்திரிகைகளிலும் வந்த அவருடைய கட்டுரைகள் 'நான் கண்டதும் கேட்டதும்', 'புதியதும் பழையதும்', 'நல்லுரைக்கோவை', 'நினைவு மஞ்சரி' என்று நூல்களாயின. கடைசியில், 1940 தொடங்கி, 'என் சரித்திர'மும் விகடனிலேயே தொடராக வந்தது. எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஒருவர் பத்திரிகை எழுத்தாளராகி, வாரப் பத்திரிகை வாசகரையும் கட்டிப்போட்டார் என்பதே ஓர் அதிசயம்.

மூன்று நூல்களையும் சேர்த்து வாசிக்கும்போது எனக்குப் பிடிபட்ட முதல் நயம், மூவரும் அவரிடமிருந்து வேறு வேறு தொலைவில் நிற்பது. கிருஷ்ணையர் 1854-இல் மறைந்தார், உ.வே.சா. பிறந்தது 1855 பிப்ரவரி 19. ஓர் ஆண்டு வித்தியாசத்தில் கேட்க முடியாமல் போன குரல். பாரதியாரிடம் அவர் இளம்பிள்ளையாகப் பாடம் கேட்டார். வைத்தியநாதையரைத் திருவாவடுதுறையில் பலரோடு பலராக உட்கார்ந்து கேட்டார். ஆகவே ஒன்று பிறர் வாய்க் கேட்டது, ஒன்று மாணாக்கனாக அனுபவித்தது, ஒன்று ரசிகராகக் கண்டது. சாட்சியம் மாறும்போது எழுத்தும் மாறுகிறது. கேள்விப்பட்டதைக் கண்ணால் கண்டதுபோல் அவர் எங்கும் எழுதுவதில்லை. இந்த நேர்மை ஏடுகளோடு பழகியதால் வந்தது என்று நினைக்கிறேன். ஒரு பாடம் எந்தப் பிரதியில் இருக்கிறது என்று குறித்துக் குறித்துப் பழகிய கை, ஒரு கதையை யார் சொன்னார் என்பதையும் விடாமல் குறிக்கிறது.

கிருஷ்ணையர் உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையருக்கு அம்மான். அவரே குருவும். தந்தை பாடிய பதங்கள் வழியாகத்தான் பையனுக்கு அந்தப் பெரியவர் அறிமுகமானார். வீட்டில் ஒரு பதம் பாடப்படும். அது எந்தச் சந்தர்ப்பத்தில் பிறந்தது என்ற கதை கூடவே வரும். பாட்டும் கதையும் பிரியாமல் வளர்ந்த வீடு. பின்னாளில் அவர் எழுதிய வரலாற்றின் வடிவமே அதுதான். ஒவ்வொரு பதத்தையும் அது பிறந்த நாளில், பிறந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கிறார்.

பொப்பிலிக் கேசவையாவின் நிகழ்ச்சியைப் பாருங்கள். கன மார்க்கத்தில் தேர்ந்த அந்த வித்துவான் தஞ்சை அரண்மனைக்கு வந்து பாடுகிறார். அடிவயிற்றிலிருந்து மூச்சைத் திரட்டி எழுப்பும் பாட்டு; தேக வலிமையும் கடுமையான சாதகமும் இல்லாதவர்களுக்கு வசப்படாது. நம் சமஸ்தானத்தில் இதைக் கற்றுப் பாடக்கூடியவர் உண்டா என்ற கேள்வி எழுகிறது. தஞ்சையில் அப்போது வித்துவான்களுக்கா பஞ்சம்? ஆனாலும் எல்லாரும் தயங்குகிறார்கள். இளைஞர் கிருஷ்ணையர் நான் கற்கிறேன் என்று முன்வருகிறார். அவர் பெயரோடு 'கனம்' ஒட்டிக்கொண்ட கதை இது.

இதில் கேசவையாவின் குரல் எப்படி இருந்தது என்பதற்கு ஓர் உவமைகூட வேண்டியிருக்கவில்லை. அவர் பாடி முடித்த பிறகு அந்தச் சபை என்ன செய்தது என்பதே போதுமானதாக இருக்கிறது. பெரிய வித்துவான்கள் பேசாமல் இருந்தார்கள் என்றால், வந்தவர் பாடியது எவ்வளவு பெரிது என்பதை நம் மனமே அளந்துகொள்கிறது. இடி போன்ற குரல், கடல் போன்ற குரல் என்று அடைமொழி அடுக்கியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போயிருப்போம். ஒலியை விட்டுவிட்டு, ஒலி விழுந்த இடத்தை எழுதுவது. இசை எழுத்தில் இதைவிடப் பெரிய நுட்பம் ஒன்றை நான் கண்டதில்லை.

உடையார்பாளையத்துக் கதை இன்னும் நுண்மையானது. தஞ்சையையும் திருவிடைமருதூரையும் விட்டு வந்து கிருஷ்ணையர் அந்த ஜமீனில் இருந்த காலம். ஜமீன்தாருக்கு அவர்மேல் அளவற்ற பிரியம். ஏதோ காரணத்தால் சில நாள் தொடர்ந்து இருவருக்கும் சந்திப்பு வாய்க்கவில்லை. தாம் புறக்கணிக்கப்பட்டதாக வித்துவானுக்கு மனத்தாங்கல். நேரே போய்க் கேட்க முடியாது. கேட்காமலும் இருக்க முடியாது. ஒரு பதம் பாடுகிறார். காதலன் வாராமையால் நொந்த நாயகி, நீர் தந்த முத்தும் வைரமும் எனக்கு எதற்கு என்று கேட்கும் பதம். அதைக் கேட்டதும் ஜமீன்தாருக்குப் புரிந்துவிடுகிறது, மனத்தாங்கல் தீர்கிறது.

அந்தப் பதத்தைத் தனியாகக் கேட்டால் மரபான ஒரு சிருங்காரப் பதம். இத்தனை நூற்றாண்டாக நாயகிகள் கோபித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கதையோடு கேட்கும்போது, சோறு போடுகிற இடத்தில் மானத்தோடு வாழ வேண்டிய ஒரு கலைஞன் அந்த நாயகியின் குரலுக்குள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. பொருள் வேண்டாம், என்னை மதித்து முகம் கொடுத்துப் பேசு என்ற ஒரு வேண்டுகோள். உ.வே.சா. இந்த விளக்கத்தை நமக்கு ஊட்டிவிடுவதில்லை. சந்தர்ப்பத்தைச் சொல்லி, பதத்தைச் சொல்லி, விலகிக்கொள்கிறார். இரண்டையும் பொருத்திப் பார்க்கும் இன்பம் நமக்கே விடப்பட்டிருக்கிறது. புரவலரை நம்பி வாழ்ந்தவர்களின் நிலைமையை அவர் உள்ளிருந்து அறிந்தவர். ஊர் ஊராகப் போய் இராமாயணம் சொல்லிப் பாடி, கிடைத்ததைக் கொண்டு குடும்பம் நடத்திய தந்தையின் பிள்ளை.

பாரதியார் வரலாற்றுக்கு வருகிறேன். மூன்றில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். திருவையாற்றுச் சந்திப்பு அதில் ஒரு மாணிக்கம். தியாகராஜ சுவாமிகளைத் தரிசிக்க யாரோ ஒரு வழிப்போக்கர் போல் பாரதியார் போய் நிற்கிறார். சிஷ்யர்கள் ஆபோகியில் ஒரு கிருதியைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊர் என்று சுவாமிகள் கேட்கிறார். மாயூரம் பக்கம் என்றதும், அங்கே கோபாலகிருஷ்ண பாரதி என்று ஒருவர் இருக்கிறாரே, தெரியுமா என்கிறார். அவன் அடியேன்தான் என்று பதில் வருகிறது. ஆபோகியில் நீங்கள் ஏதாவது செய்திருக்கிறீர்களா என்ற அடுத்த கேள்விக்குப் பாரதியார் அப்போது விடை சொல்லவில்லை. பிறகு தில்லைச் சபாபதியின்மேல் ஆபோகியில் ஒரு கீர்த்தனத்தோடு வருகிறார். இன்றும் கச்சேரி தவறாமல் கேட்கும் கீர்த்தனம் அது.

இரண்டு மகா வாக்கேயகாரர்கள் சந்திக்கிறார்கள். ஆடம்பரமாக எழுதத் தோன்றும் இடம். உ.வே.சா.வின் கதையில் ஊர் விசாரிப்பு, பெயர் விசாரிப்பு, ஒரு ராகத்தின் பெயர் ஆகியவைதான் இருக்கின்றன. யார் வீட்டுத் திண்ணையிலும் நடக்கக்கூடிய பேச்சு. நம் ஊர்ப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளும் ஒழுங்கு அப்படியே அதில் வந்திருக்கிறது: முதலில் ஊர், அப்புறம் ஆள், அப்புறம்தான் வித்தை. அந்த ஒழுங்குக்குள் இவ்வளவு பெரிய செய்தி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமக்குத் தெரிந்த பெயர் எதிரிலேயே நிற்கிறது என்று சுவாமிகளுக்குத் தெரிய வரும் கணத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

பையனாக மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கப் போன உ.வே.சா., தந்தையின் விருப்பப்படி அங்கேயே இருந்த பாரதியாரிடம் சங்கீதமும் கற்கத் தொடங்கினார். பிள்ளையவர்களுக்குச் சங்கீதத்தில் நாட்டமில்லை. மாணாக்கனுக்கு இசைப் பழக்கம் மிகுந்தால் இலக்கண இலக்கியத்தில் மனம் ஊன்றாது என்பது அவர் எண்ணம். விஷயம் தெரிந்து அவர் அதைச் சொன்னதும் பையன் சங்கீதப் பாடத்தை நிறுத்திவிட்டான்.

இதை உ.வே.சா. எழுதியிருக்கும் நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் ஓடிய வித்தை அந்த இடத்தில் நின்றது. ஓர் ஆசிரியருக்காக இன்னோர் ஆசிரியரை விட்டது எந்தப் பையனுக்கும் வலித்திருக்கும். வேறு யாராவது எழுதினால் ஒருவர் குறுகிய மனத்தவராகவும் மற்றவர் பரிதாபத்துக்குரியவராகவும் ஆகியிருப்பார்கள். இவர் எழுத்தில் இருவரும் குன்றவில்லை. பிள்ளையின் கண்டிப்பும் பாரதியாரின் கனிவும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. அந்த நஷ்டத்தைப் பற்றி அவர் புலம்பவில்லை. 65 ஆண்டு கழித்துப் பாரதியாரின் வரலாற்றை எழுதினார். நிறுத்திய பாடத்துக்கு அவர் செலுத்திய தட்சிணையாகத்தான் அந்த நூல் எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளையும் பாரதியாரும் எதிர்ப்படும் இன்னொரு நிகழ்ச்சி உண்டு. தமிழ் வரலாற்று நூல்களில் அதற்கு இணையான ஒரு பக்கத்தை நான் படித்ததில்லை. பாரதியார் நந்தனார் சரித்திரத்தை இயற்றிவிட்டார். நாகப்பட்டினத்திலும் பிற ஊர்களிலும் அவர் செய்த காலட்சேபங்களைக் கேட்டு ஜனங்கள் உருகுகிறார்கள். காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியும் அதில் மனம் பறிகொடுத்து நூல் அச்சேற உதவினார். நூலுக்குப் பிள்ளையிடம் ஒரு சிறப்புப்பாயிரம் வாங்க வேண்டும் என்பது பாரதியாரின் ஆசை. பிள்ளைக்கு மனம் இல்லை. இலக்கண வழுக்கள் இருக்கின்றன. போதாததற்கு, சேக்கிழார் பாடாத ஒரு வேதியரைக் கதைக்குள் கொண்டுவந்து நந்தனை வதைக்கும் ஆண்டையாக்கியிருக்கிறார். பெரிய புராணத்தை உயிராகப் போற்றிய பிள்ளைக்கு இது பொறுக்கவில்லை. பாரதியார் வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுகிறார். பாரதியாரும் சளைக்காமல் வருகிறார்.

ஒரு பகல் வேளை. பிள்ளை உள்ளே இளைப்பாறிக்கொண்டிருக்கிறார். வந்த பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து, தம் நந்தன் கீர்த்தனங்களில் ஒன்றைத் தமக்குத்தாமே பாடிக்கொண்டிருக்கிறார். பாட்டு உள்ளே போகிறது. பிள்ளை கேட்கிறார். கண்ணீர் வருகிறது. எழுந்து வந்து சிறப்புப்பாயிரத்தைக் கொடுக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். இதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பிள்ளை உள்ளே, பாரதியார் வெளியே, நடுவில் ஒரு சுவர். எதிரில் உட்கார்ந்து பாடியிருந்தால் பிள்ளை பிழை பார்த்திருப்பார். அவர் புலமை விழித்துக்கொண்டிருக்கும். படுத்திருந்தவருக்குக் காது மட்டும் திறந்திருந்தது. பாரதியாரும் அவரைக் கரைக்க வேண்டும் என்று பாடவில்லை. காத்திருக்கும் பொழுதில் பாடினார். யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்காத ஒரு நேரம் அது. அப்போதுதான் சங்கீதத்தில் நாட்டமில்லாதவர் என்று நமக்குச் சொல்லப்பட்ட பிள்ளையைப் பாட்டு ஜெயித்தது. வழுக்கள் திருந்திவிடவில்லை. வேதியரும் கதையை விட்டுப் போகவில்லை. பிள்ளை தம் ஆட்சேபங்களை மாற்றிக்கொண்டார் என்று உ.வே.சா. சொல்வதாகவும் தெரியவில்லை. கண்ணீர் வந்தது, பாயிரம் வந்தது. இடையில் வாதம் ஏதும் கிடையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நந்தனாரின் கதையே உள்ளே விடப்படாத ஒருவரின் கதை. கோயிலுக்கு வெளியே நின்று, மறைக்கும் நந்தி விலகுமா என்று ஏங்கிய திருப்புன்கூர்க் காட்சியைத் தமிழர் எல்லாரும் அறிவார்கள். அந்தச் சரித்திரத்தைப் பாடியவரும் ஒரு வீட்டு வாசலில் பல நாள் காத்திருந்து, உள்ளிருந்து வர வேண்டிய அருளுக்காகப் பாடியிருக்கிறார். இரண்டையும் உ.வே.சா. ஒப்பிட்டுக் காட்டவில்லை. திண்ணையைச் சொன்னார், அது போதும் என்று விட்டுவிட்டார்.

இந்த இடத்தில்தான் குரால்னிக்கின் ஒரு பகுதி எனக்கு நினைவுக்கு வரும். 1954 ஜூலை 5, மெம்பிஸ் நகரத்தின் சன் ஸ்டூடியோ. பத்தொன்பது வயது எல்விஸ், கிதார் வாசிக்கும் ஸ்காட்டி மூர், பாஸ் வாசிக்கும் பில் பிளாக். மாலையிலிருந்து பாடிய மெதுவான பாட்டுகள் ஒன்றும் தேறவில்லை. இளைப்பாறும் நேரத்தில் எல்விஸ் ஒரு பழைய புளூஸ் பாட்டை வேகமாகப் பாடித் துள்ளுகிறான். மற்ற இருவரும் சேர்ந்துகொள்கிறார்கள். கண்ணாடிக்கு அப்பால் அடுத்த அறையில் இருந்த சாம் பிலிப்ஸ் தலையை நீட்டி, என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர்களுக்கே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து பாடுங்கள் என்று பதிவு செய்கிறார். ராக் இசை பிறந்த கணங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அங்கும் நடுவில் ஒரு தடுப்பு. அங்கும் இளைப்பாறும் நேரம். அங்கும் யாருக்காகவும் பாடாத பாட்டு. பக்கத்து அறையில் ஒரு காது. குரால்னிக் அந்த இரவில் வெகுநேரம் தங்குகிறார். உடனிருந்தவர்கள் சொன்னதை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து எழுதுகிறார். மாயூரத்துத் திண்ணையை எழுதியவரும் அதே வேலையைத்தான், அவருக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டு முன்பே, செய்தார். பாட்டை மாற்றியது பாடியவர் மட்டுமல்லர், கேட்டவரும்தான் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

மகா வைத்தியநாதையர் வரலாற்றில் உ.வே.சா.வின் நடை சற்று விலகி நிற்கிறது. நேரில் கேட்ட பெருமிதம் அதற்குக் காரணமாக இருக்கலாம். 1856-இல் கல்லிடைக்குறிச்சியில், பெரிய வித்துவான்களின் நடுவே பன்னிரண்டு வயதுப் பையன் பாடி 'மகா' என்ற பட்டத்தைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரிடம் பெற்றது; மராத்திச் சாகித்தியத்துக்கு எழுபத்திரண்டு மேளராகங்களில் இசை அமைத்து, பிறகு திருவையாற்று இறைவன்மேல் வடமொழியில் தாமே சாகித்தியம் செய்தது; தமையனார் ராமசாமி சிவனோடு சேர்ந்து பெரிய புராணத்தைக் கீர்த்தனமாக்கிப் பாடியது ஆகியவை எல்லாம் அரிய செய்திகள். ஆனால் தெரியாத கிருஷ்ணையரை எழுதியபோது வந்த உயிர்ப்பு, தெரிந்த வைத்தியநாதையரிடம் அந்த அளவுக்கு வரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. வணக்கம் சற்றுக் கூடிவிட்டது.

வணக்கம் கூடுவது இந்த வரலாறுகளின் பொதுவான குறையும்கூட. யாரைப் பற்றியும் குறைவாகச் சொல்ல அவர் கை ஓடாது. விடுபட்டதிலும் ஒரு பெரிய இடம் உண்டு. கிருஷ்ணையரின் பதங்களைத் தலைமுறைகளாகக் காத்து ஆடியும் பாடியும் வந்தவர்கள் தேவரடியார் குலத்துப் பெண்கள். பதங்களின் பெருங்களஞ்சியமான வீணை தனம்மாள் 1938 வரை இதே சென்னையில், ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தார். திருவல்லிக்கேணியிலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம்? மும்மணிகளோடு தனம்மாளின் வரலாற்றையும் அந்தக் கை எழுதியிருந்தால் என்று நினைக்கும்போது ஏக்கமாக இருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாளின் வாழ்க்கையை வி. ஸ்ரீராமும் பாலசரஸ்வதியின் வாழ்க்கையை டக்ளஸ் நைட்டும் பிற்காலத்தில் விரிவாக எழுதி அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்திருக்கிறார்கள். இரண்டும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நூல்கள்.

அப்படி எழுதப்படாத வாழ்க்கைகள் இன்றும் உண்டு. சென்னையில் நான் இருக்கும் பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் புதுக் கட்டடம் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. உ.வே.சா. பதிப்பித்த சங்க நூல்கள்தான் அங்கே நடக்கும் ஆராய்ச்சிக்கு அடிவாரம். அதே ஊரில் எட்டுத் தளக் கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஹவுசிங் போர்டு என்பார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து, முக்கியமாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்களோடு கானாவும் வந்தது. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் மரண கானா, பிறந்தநாளுக்குப் பாடுவது, சிநேகிதனுக்காகப் பாடுவது எல்லாம் இங்கே உண்டு. இறந்தவரின் பெயரையும் தெருவையும் தொழிலையும் உடனுக்குடன் பாட்டில் கோத்துவிடுவார்கள். ஒவ்வொரு மரண கானாவும் ஒரு சின்ன வாழ்க்கை வரலாறு. 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் கட்டிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே வரிசையில் நின்றன. டோலக்குக்கும் சட்டிக்கும் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிதார் ஒலித்தது. நகரத்தின் ராக் ரசிகர்கள் பலர் கானாவை உட்கார்ந்து கவனித்துக் கேட்டது அப்போதுதான்.

இங்கே நிலைமை தலைகீழ். உ.வே.சா.விடம் கதை இருந்தது, குரல் இல்லை. பெரும்பாக்கத்தில் யார் போனைத் திறந்தாலும் குரல் இருக்கிறது. பாடியவர் யார், எந்தக் கரையிலிருந்து வந்தவர், யாரிடம் கற்றார், அந்தப் பாட்டு எந்த வீட்டு வாசலில் முதலில் பாடப்பட்டது என்பது பதிவில் இல்லை. பழைய கானாக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இப்போது ஐம்பது வயதில் இருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறார்கள், காவல் வேலை பார்க்கிறார்கள். கிருஷ்ணையரைப் பற்றி வேங்கடசுப்பையருக்குத் தெரிந்திருந்த அளவு இவர்களுக்குத் தெரியும். போய்க் கேட்க ஒருவர் வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மும்மணிகளே பாடநூல்: யார் கற்றுக்கொடுத்தார், யார் சோறு போட்டார், யாரோடு மனத்தாங்கல், எந்த நாளில் எந்தப் பாட்டு, அப்போது உள்ளே இருந்து கேட்டவர் யார்.

படிக்க விரும்புகிறவர்கள் கனம் கிருஷ்ணையரில் தொடங்குவது நல்லது. பைரவியில் முருகனை விளித்து அவர் செய்த பதத்தை யாராவது பாடி முதலில் கேட்டுவிடுங்கள். அது இன்றும் ஆட்டமேடையில் உயிரோடு இருக்கிறது. பிறகு நூலைத் திறந்தால் உடையார்பாளையம் வந்ததும் அந்தக் குரலை நீங்களே வைத்துக்கொள்ளலாம். பாரதியாரை இரண்டாவதாகப் படியுங்கள். உ.வே.சா. எழுதிய பிள்ளையின் சரித்திரம் 1933-இலும் 1934-இலும் இரண்டு பாகமாக வந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தால், மாயூரத்தில் சில தெரு தள்ளி இருந்த இரண்டு பெரியவர்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் வருவது தெரியும். நூல்கள் பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூல்நிலையத்தில் இருக்கின்றன. ருக்மிணி தேவி அருண்டேல் 1943-இல் நிறுவியது.